சித்தப்பா டிக்கெட் வாங்கிப் பார்த்த வீடு

நம் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். கல் சுவர், பச்சைக் கதவு, படியில் நாலைந்து பூசணிக்காய், வாசலில் வரிசையாக நிற்கும் கூட்டம். "பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள், இந்த ஞாயிறு மட்டும், பேரன் பேத்திகளோடு போய் வாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தாள். ஆளாளுக்கு இதயம் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் நான் ஒன்றரை வருடம் குடியிருந்திருக்கிறேன்.

நம்மில் யாரும் இப்போது சின்னவர்கள் இல்லை. முட்டி வலிக்கு எந்தத் தைலம் என்பதுதான் குழுவில் அதிகம் ஓடுகிறது. அதனால் இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் என்னோடு ஸ்டேஷன் வேகன்களின் பின்சீட்டில் வளர்ந்தவர்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நம் அப்பாக்கள் ஒரே சுற்றுதான் சுற்றிக் காட்டுவார்கள். நயாகரா, சுதந்திர தேவி சிலை, பிட்ஸ்பர்க் கோயில். மடியில் தயிர்சாத டப்பாவோடு நாமும் போவோம். எங்கள் அப்பா அதில் நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். அதுதான் ட்ரென்டனுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கவுண்டி, ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம் மாதிரி.

அப்பாவுக்கு வேலை ட்ரென்டனில். பாலங்களுக்கு வரைபடம் போடுகிற கம்பெனி. மாநிலத் தலைநகரம் என்று பெயர்தானே தவிர, ஐந்து மணிக்கு மேல் அங்கே ஈ காக்கை இருக்காது. அங்கிருந்து ஆற்றோரமாக இருபது நிமிடம் ஓட்டினால் எங்கள் ஊர். சுதந்திரப் போரில் படை நடந்த பாதை, படைத்தலைவர் தண்ணீர் குடித்த கிணறு என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை இருக்கும். வந்தவர்களை அந்தப் பலகைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து அப்பா படம் எடுப்பார். கடைசியில் எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, "இதுவும் அந்தக் காலத்து வீடுதான், இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்பார். தானே கட்டியதைப்போல ஒரு பெருமை முகத்தில் தெரியும்.

வாடகைக்கு ஒரு நிபந்தனையின் பேரில்தான் அந்த வீடு கிடைத்தது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்டோபரில், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வீட்டை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் ஃப்ளோரிடாவில் இருந்தார். கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு அவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டு, "ஒரு நாள்தானே, வந்துட்டுப் போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். சித்தப்பா வருவார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சித்தப்பா அப்பாவின் தம்பி. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் ஒரு ஜனவரி மாதம் வந்தார். இருபத்துநாலு வயது, பாலிடெக்னிக் படிப்பு, கையில் ஒரு நீலப் பெட்டி. ஆறு மாதத்தில் திரும்பிப் போக வேண்டும். போகவில்லை. ஊரில் போய் என்ன செய்ய என்றார். ஜூலையில் விசா முடிந்தது. முடிந்த அன்று அம்மா அவருடைய படுக்கையைக் கீழ் அறையிலிருந்து கூரைக்கு அடியில் இருந்த அட்டிக்குக்கு மாற்றினாள். எங்களுக்கோ கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பை உங்களில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சந்தேகம் சோற்றுக்கு உப்பு மாதிரி தினமும் இருந்தது. தபால்காரர் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் சந்தேகம். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் சுவரைப் பார்த்தால் சந்தேகம். பள்ளியில் கொடுக்கிற ஃபாரத்தில் "வீட்டில் எத்தனை பேர்" என்று ஒரு கட்டம் இருந்தால் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். எல்லோரையும்விடப் பெரிய சந்தேகம் பக்கத்து வீட்டம்மா மேல்.

பக்கத்து வீட்டம்மா வெள்ளைக்காரப் பெண்மணி. எழுபது வயதிருக்கும், நல்ல உயரம், புருஷன் இல்லை. காதில் ஒரு பென்சில், கோட்டுப் பையில் ஒரு நோட்டு. வரலாற்றுச் சங்கத்தில் எங்கள் தெருவுக்கு அவர்தான் பொறுப்பு. அதைவிட முக்கியம், எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. சொந்தக்காரரே கொடுத்து வைத்தது. அந்நியர் கையில் நம் வீட்டுச் சாவியா என்று அம்மா புலம்புவாள். பகலில் குளிக்கப் போவதற்கு முன் கதவுக்குப் பின்னால் எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பாள். கதவைத் திறந்தால் எல்லாம் சரிந்து சத்தம் போட வேண்டும். அந்த அடுக்கை அதிகமும் சரித்தவள் பள்ளியிலிருந்து வந்த நான்தான்.

சித்தப்பாவால் சும்மா இருக்க முடியாது. அந்த வீட்டு ஜன்னல்கள் மேலே தூக்கித் திறக்கிறவை. சுவருக்குள்ளே கயிறும் எடைக்கல்லும் இருக்கும். கயிறு அறுந்து எத்தனையோ வருடமாகத் திறக்காமல் கிடந்தன. வீட்டுக்குள் அடைந்து கிடந்த கோடையில் சித்தப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து, புதுக் கயிறு போட்டு, மெழுகு தடவி, சுண்டுவிரலால் தூக்கினால் திறக்கிற மாதிரி செய்துவிட்டார். வேலை செய்யும்போது சீட்டி அடிப்பார். திறந்த ஜன்னல் வழியாக அந்தச் சீட்டி எங்கே போகும் என்று யோசிக்கத் தெரியவில்லை அவருக்கு.

"உங்கள் ஜன்னல்களைச் சரிசெய்தது யார்? இத்தனை அழகாகச் செய்திருக்கிறாரே" என்று பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "மை ஹஸ்பண்ட்" என்றாள்.

அப்பா சுவரில் ஓர் ஆணி அடித்தால் மூன்று ஆணி வளையும். அதை அந்தம்மாவும் பார்த்திருக்கிறார். தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் என்னவோ எழுதினார். அன்றைக்கு மத்தியானம் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"என் தலைல கை வை கண்ணு."

வைத்தேன். எண்ணெய் தேய்த்த சூடான தலை.

"சித்தப்பா இருக்கறத ஸ்கூல்லயோ அந்தம்மாகிட்டயோ யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. சொன்னா அம்மா தலை வெடிச்சுரும். தெரியுதா?"

சத்தியம் செய்தேன். எனக்குப் பத்து வயது. அந்த வயதில் தலை வெடிக்கும் என்றால் வெடிக்கத்தான் செய்யும்.

அடுத்த மாதமே சொல்லிவிட்டேன். இதைத்தான் நாற்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் பக்கத்து வீட்டம்மாவின் தோட்டத்தில் தக்காளி பறிக்கப் போனேன். அம்மாதான் அனுப்பினாள், போகாவிட்டால் சந்தேகப்படுவார் என்று. தக்காளிச் செடியின் அந்தப் பச்சை வாசனை கையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. எங்கள் அட்டிக்கிலிருந்து சீட்டி வந்தது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"உன் அப்பா இன்றைக்கு ஆபீஸ் போகவில்லையா?"

போயிருக்கிறார் என்றேன். அப்புறம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தம்மா என்னிடம் பெரியவர்களிடம் பேசுவதைப்போலப் பேசுவார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். எங்கள் வீட்டில் அப்படி யாரும் காத்திருந்ததில்லை. சித்தப்பா, விசா, அட்டிக், கிரீன் கார்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அந்தம்மா ஒரு தக்காளியைத் துடைத்துக் கூடையில் வைத்தார்.

"எனக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. ஜன்னல் வேலை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா தலை வெடிக்காமல் முருங்கைக்காய் டின்னைத் திறந்துகொண்டிருந்தாள். செப்டம்பர் மாதம் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்தது. மூன்று நாள் இருட்டு அறையில் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். நான் பள்ளிக்குப் போகாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். எதற்கு அழுகிறாய் என்று சித்தப்பா கேட்டார். பல்வலி என்றேன். கிராம்பு எடுத்துக் கொடுத்தார். தலைவலி போன பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். சொன்னதற்கு மூன்று நாள் வலி. சொன்னதைச் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் மிச்சமும் வெடித்துவிடும். ஆகவே வாய் திறக்கக் கூடாது.

அக்டோபர் வந்தது. தெரு முழுவதும் ஈர இலை, பக்கத்துப் பண்ணையில் பிழிகிற ஆப்பிள் சாறு வாசனை. வீடு பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் பக்கத்து வீட்டம்மா நோட்டோடு உள்ளே வந்தார். எந்த வழியாக ஆட்களை நடத்திப் போவது என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் சமையலறையில் ஒரு பெரிய பழைய கணப்பு. அதற்குப் பக்கத்தில் செங்கல்லால் கட்டிய ரொட்டி அடுப்பு, மார்பு உயரத்தில், வளைந்த வாயோடு இருந்தது. பார்த்ததும் மாடம் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. முருகன், பிள்ளையார், லட்சுமி, விளக்கு, திருநீற்றுக் கிண்ணம் எல்லாவற்றையும் அதற்குள் வைத்துவிட்டாள். கவுண்டியில் அப்படி ஒரு ரொட்டி அடுப்பு வேறெங்கும் இல்லையாம். ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்களாம்.

அப்பா அவசரமாக, "எல்லாத்தையும் எடுத்துடறோம்" என்றார்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இப்போது இது உங்கள் வீடு. வீட்டில் ஆட்கள் வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டும்" என்றார் அந்தம்மா. பிறகு பாத்திரம் காயவைத்திருந்த தட்டைப் பார்த்தார். நாலு சாப்பாட்டுத் தட்டு, நாலு டம்ளர். "அன்றைக்குச் சங்கத்திலிருந்து உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வருவோம். எத்தனை பேருக்கு?"

"த்ரீ" என்றார் அப்பா.

அந்தம்மா எழுதிக்கொண்டார். அப்பா அவருடைய பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் சித்தப்பா அட்டிக் ஏணியில் இறங்கி வந்தார்.

"தட்ட எண்ணுனாங்களாண்ணா?"

"எண்ணுனா. எதுக்குடா எண்ணோணும்? எழுதி எங்கயோ குடுக்கத்தான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் இரண்டு மாதமாகச் சும்மா இருக்கிறார் என்று அங்கேயே சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அம்மாவின் தலையைப் பார்த்தேன். வகிட்டில் குங்குமம் இருந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை எங்கே வைப்பது? அட்டிக்குக்கும் ஆட்கள் ஏறுவார்கள். நிலவறைக்கும் இறங்குவார்கள். எடிசனில் ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்பலாம் என்றாள் அம்மா. அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று அப்பாவுக்கு அங்கேயும் சந்தேகம். காரில் உட்கார வைத்தால் ஆறு மணி நேரம் ஒருவன் காரில் என்ன செய்கிறான் என்று போலீஸ் கேட்கும். கடைசியில் சித்தப்பாதான் வழி சொன்னார்.

"கூட்டத்தோட கூட்டமா நானும் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போயிர்றேங்கண்ணா. பாக்க வந்தவன யாருங்க சந்தேகப்படுவாங்க?"

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் அப்பா சரி என்றார். சனிக்கிழமை முழுவதும் ஒத்திகை. அட்டிக் படுக்கையைச் சுருட்டி, பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினோம். நீலப் பெட்டி அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போனது. "எதையும் தொடாத. எதையும் தெரிஞ்ச மாதிரி பாக்காத. எங்களப் பாத்தா ஹலோன்னு மட்டும் சொல்லு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தப்பாவுக்கு அப்பாவின் பழைய கோட்டும் என் சூரிய கிரகணப் படம் போட்ட தொப்பியும் கிடைத்தன. கண்ணாடி முன்னால் நின்று "ஹலோ, ஹலோ" என்று ஒத்திகை பார்த்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தாள்.

அன்றைக்கு வீட்டில் தாளிப்பு இல்லை. பெருங்காயம் வாசம் வரக் கூடாது என்று அப்பா முதல்நாளே சொல்லிவிட்டார். ரொட்டியும் ஜாமும்தான். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டம்மா அந்தக் காலத்து உடுப்பில், தலையில் வெள்ளைக் குல்லாய் கட்டிக்கொண்டு வந்து வாசலைத் திறந்தார். தரை பாழாகக் கூடாது என்று ஷூவுக்குமேல் போட்டுக்கொள்ளத் துணி உறைகள் ஒரு கூடை நிறைய வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக உள்ளே விட்டார்கள். அப்பா டை கட்டி ஹாலில் நின்றார். அம்மா பட்டுப்புடவையில் மாடிப்படி ஓரமாக நின்றாள். நான் சமையலறையில் கணப்புக்குப் பக்கத்தில். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்த்தார்கள். உள்ளே முருகனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

பதினோரு மணிக் குழுவில் சித்தப்பா வந்தார். சட்டையில் டிக்கெட் ஸ்டிக்கர். ஹாலில் அப்பாவிடம் "ஹலோ" என்றது கேட்டது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் அவரைப் பார்த்ததும் என் கண் காலுக்குப் போனது. பதினோரு ஜோடிக் காலில் ஷூவும் உறையும். ஒரு ஜோடி மட்டும் வெறுங்கால். வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றி வாசலில் வைக்கிற மனிதர் அன்றைக்கும் கழற்றி வைத்துவிட்டார். அதுவும் எப்போதும் வைக்கிற அதே மூலையில், அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில்.

பக்கத்து வீட்டம்மா ரொட்டி அடுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை ரொட்டி வேகும், எந்த விறகு எரித்தார்கள் என்றெல்லாம். கூட்டம் தலையாட்டியது. சித்தப்பா கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். சாமிக்கு எதிரில் வந்துவிட்டோம் என்பது அவருடைய கைக்குத் தெரிந்துவிட்டது, மண்டைக்குத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். அடுப்பின் வாய்க்குள் கையை விட்டு, விளக்குக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கிண்ணத்திலிருந்து, பார்க்காமலே, மூன்று விரலால் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். மிச்சத்தைத் தொண்டையில் தடவினார். கண்ணை மூடி ஒரு நொடி நின்றார்.

திறந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹால் கதவோரம் அப்பாவின் முகம் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டம்மா ஒரே ஒரு கணம்தான் நிறுத்தினார். "இந்தக் கனவான் இந்தியாவிலிருந்து வந்திருப்பார் போலிருக்கிறது" என்றார். "அவர்கள் வழக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் சாமிக்கு முதலில் மரியாதை செய்வார்கள். காலணியையும் கழற்றிவிட்டிருக்கிறார், பாருங்கள். எங்களுக்கும் காட்டுவீர்களா ஐயா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தை எடுத்தார். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர் குனிந்து நெற்றியைக் காட்டினார். பிறகு ஒரு பெண், பிறகு அவள் குழந்தை. பதினோரு அமெரிக்கர்கள் நெற்றியில் திருநீற்றோடு எங்கள் அட்டிக்குக்கு ஏறிப் போனார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சங்கத்துச் சாப்பாடு மூன்று பேருக்குத்தான் வந்தது. கூடவே பக்கத்து வீட்டம்மா தன் கையால் சுட்ட ஆப்பிள் பை என்கிற பலகாரம். நாலு மணிக்குக் கடைசி ஆள் போன பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஊர் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குச் சித்தப்பா பின்வாசல் வழியாக வந்தார். அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"சாரிங்கண்ணா. கை அது பாட்டுக்குப் போயிருச்சுங்க."

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"காப்பாத்தித்தானுங்க விட்டாங்க" என்றாள் அம்மா.

"எதுக்குக் காப்பாத்தணும்? நாம அவளுக்கு என்ன சொந்தமா பந்தமா? எல்லார் முன்னாடியும் கலாட்டா வேண்டாம்னு விட்டுருக்கறா. நாளைக்கு ஃபோன் பண்ணுவா பாரு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். என் நாக்கு நுனிவரை வந்தது. அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்குதாம்மா என்றேன். ஆமாம் என்றாள். அந்த ஆமாம் என் வாயை அடைத்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை காலை அப்பா லீவு போட்டார். சித்தப்பாவை ட்ரென்டனில் பஸ் ஏற்றிவிட்டார். டெக்சாஸில் ஊர்க்காரர் ஒருவரின் மோட்டலில் வேலை என்று சொன்னார்கள். அம்மா புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள். சித்தப்பா கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "அந்தக் கெழவிகிட்டப் பேசாத கண்ணு" என்றார்.

நாங்கள் யாருமே பேசவில்லை. யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாத அம்மா, அந்த ஆப்பிள் பைத் தட்டைக் கழுவி வெறுமையாக அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு பிடி சர்க்கரைகூடப் போடவில்லை. எங்கள் வழக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அது அவமானம் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்காது. வேலியோரம் என்னைக் கூப்பிட்டார், "உன் வீட்டில் எல்லோரும் நலமா? சீட்டிச் சத்தத்தைக் காணோமே" என்றார். கேட்காததைப்போல உள்ளே ஓடிவிட்டேன். வசந்தத்தில் வேறு ஊரில் அபார்ட்மென்ட் பார்த்துப் போய்விட்டோம். வண்டி கிளம்பும்போது அவர் ரப்பர் பூட்ஸோடு தோட்டத்தில் நின்று கை ஆட்டினார். அப்பா நேராகப் பார்த்து ஓட்டினார். அவர் எப்போது இறந்தார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். யாரும் ஃபோன் செய்யவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. கிரீன் கார்டு வந்தது. பல வருடம் கழித்துச் சித்தப்பாவுக்கும் கல்யாணத்தின் மூலம் பேப்பர் கிடைத்தது. இப்போது ஹூஸ்டன் பக்கம் ஏசி ரிப்பேர் தொழில் பெரிதாக வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வருவார். ஆனால் அப்பாவின் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. அதற்கு என்னைத்தான் நான் காரணமாக வைத்திருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அண்ணன் தம்பி பிரிந்திருக்க மாட்டார்கள் என்று நாற்பது வருடம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எண்பத்தைந்து வயதில் அப்பா மான்மவுத் ஜங்ஷனில் என்னோடு இருக்கிறார். வாசல் கேமராவில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. போன வருடம் செப்டம்பரில் ஒரு மத்தியானம், அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தக்காளித் தோட்டம், சத்தியம், அந்தம்மா காது கேட்காது என்றது, எதையும் விடவில்லை. சொல்லும்போது அழுதேன். இந்த வயதில் பத்து வயதுப் பெண் மாதிரி அழுவது வெட்கமாகத்தான் இருந்தது.

அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தம்மா சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் கண்ணு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கிரீன் கார்டு இன்டர்வியூ லெட்டர் அப்பவே வந்துருச்சு. நவம்பர்ல இன்டர்வியூ. இவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. சீட்டி அடிப்பான், ஜன்னலத் திறப்பான். இவன வெச்சுட்டு நான் எப்படிப் போய் அந்த ஆபீசர் முன்னாடி உக்காருவேன்? எங்கம்மா வளத்த தம்பி. போடான்னு நானா எப்படிச் சொல்றது? சாக்குச் சொல்ல அந்தம்மா பேரு கெடச்சுது."

"ஞாயித்துக்கெழம நடந்ததப் பாத்துத்தானேப்பா அனுப்புனீங்க?"

"பஸ் டிக்கெட் அதுக்கு முந்தின வாரமே எடுத்துட்டேன்."

காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு போய்க் கழுவினேன். நாற்பது வருடம் என்னுடையது என்று சுமந்த குற்றம் என்னுடையது இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அப்பாமேல் அப்படிக் கோபம் வந்தது. அந்தம்மாவை நினைத்து இன்னும் மோசமாக இருந்தது. எங்களுக்காகக் காது கேட்காதவராக நடித்த மனுஷி, எங்கள் குடும்பத்தில் மட்டும் காட்டிக்கொடுத்தவராக இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார்.

அந்த வருடத் தீபாவளியன்று சித்தப்பா ஹூஸ்டனிலிருந்து கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய்க் குளியல், அவர் மகனின் வேலை என்று எல்லாம் பேசினோம். அன்றைக்கு மனசு இளகியிருந்ததோ என்னவோ, சித்தப்பா பழைய கதையை எடுத்தார்.

"அண்ணன்மேல எனக்கு ஒரு நாளும் கோபம் இல்ல கண்ணு. அவரு என்ன பண்ணுவாரு? எல்லாம் அந்தக் கெழவி பண்ணுன வேல. அவ மட்டும் இல்லைன்னா நான் உங்ககூடவே இருந்திருப்பேன். இல்லியா?"

அப்பா என்னைப் பார்த்தார். வயதான கை, சோபாவின் விளிம்பைப் பிடித்திருந்தது. ஃபோனில் சித்தப்பா பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமாங்க சித்தப்பா" என்றேன்.